செய்தி வந்தது, நாம் எங்கே இருந்தோம்?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் புறப்படும் காலை மின்சார வண்டியில் ஏறிப் பாருங்கள், தோழர்களே! உட்கார இடம் பிடித்தவர் குரோம்பேட்டை வருவதற்குள் கண்ணை மூடிவிடுவார், நிற்பவர்தான் பேசுவார். அரிசி விலை பேசுவார். ஆலைக் கதை பேசுவார். வீட்டு வாடகை ஏறிய கதையைப் பேசுவார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பழைய நாளுக்குப் போய், கடைசியில் ஒரு கேள்வியிலே வந்து நிற்கும்.

“அண்ணே, அந்தச் சேதி வந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்க?”

கேட்ட மாத்திரத்தில் தூங்கியவரும் விழித்துக்கொள்வார். கிண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வந்ததை ஒருவர் சொல்வார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிதிவண்டிக்கு விலை பேசிக்கொண்டு நின்றதை இன்னொருவர் சொல்வார். சானடோரியத்தில் படுத்திருந்த தம்பிக்குக் கஞ்சி எடுத்துப் போனதை மற்றொருவர் சொல்வார். முந்தாநாள் உண்டது என்ன என்று கேட்டால் தலையைச் சொறிகின்ற மனிதர், நாற்பது ஆண்டுக்கு முன்னே ஒரு மாலையில் கையிலே பிடித்திருந்த தூக்குச் சட்டியைப் பற்றிச் சொல்கிறார்! எதிரே நின்றவர் முகத்தைச் சொல்கிறார்! கடைக்காரர் கதவுப் பலகையை எடுத்து வைத்த ஓசையைச் சொல்கிறார்!

இதை வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளிவிட நாம் ஒருப்படமாட்டோம். ஆளுக்கொரு கவலை, ஆளுக்கொரு திசை என்று போய்க்கொண்டிருக்கும் ஆயிரமாயிரம் பேரை ஒரே நொடியிலே நிறுத்தி, ஒரே சொல்லைக் கேட்கச் செய்வது பெருஞ்செய்தி. அந்த நொடியில் நாம் நின்ற இடம் நமக்கு மறப்பதில்லை. சரித்திரப் புத்தகத்தில் உழைப்பவனுக்கு ஒதுக்கப்படும் இடம் ஒரு வரிகூட இல்லை; ஆனால் ‘நான் அன்று இன்ன இடத்தில் இருந்தேன்’ என்று சொல்லும்போது அவனும் சரித்திரத்திலே தன் பெயரை எழுதிவிடுகிறான்.

ஆனால், தோழர்களே, எங்கே இருந்தோம் என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டால் போதாது. கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். யார் சொன்னார்? சொன்னது மெய்யா? இந்த இரண்டையும் கேட்காத ஊர் என்ன பாடுபட்டது என்பதற்கு நம் தென்புறத்துப் புறநகரே சாட்சி.

ஏடு வந்த வழி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைதான் நெடுங்காலம் நமக்குச் செய்திப் பாதையும்கூட! காலை ஏடு கட்டுக் கட்டாக வண்டியிலே வந்தது. நகரத்திலே வேலை செய்தவன் மாலையில் திரும்பும்போது அன்றைய வதந்தியையும் வாங்கிக்கொண்டு வந்தான். பழவந்தாங்கலில் இறங்கியவன் பழவந்தாங்கலுக்குச் சொன்னான். பல்லாவரத்தில் இறங்கியவன் தோல் பதனிடும் தொழிலாளருக்குச் சொன்னான். தாம்பரத்தில் இறங்கியவன் மேற்கே முடிச்சூருக்கும் கிழக்கே சேலையூருக்கும் கொண்டு போனான்.

1961-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் மாநிலத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. அந்த ஒருவர் படிக்க, மற்ற இருவர் கேட்டனர். படிப்பகத்துப் பெஞ்சியிலும், முடிதிருத்தகத்திலும், தேநீர்க் கடையிலும் ஓர் ஏடு பத்துக் கைகள் மாறியது. படித்தவர் உரக்கப் படித்தார். கேட்டவர் குறுக்கே கேள்வி கேட்டார். “திரும்பப் படிப்பா” என்றார். “எந்த ஏடு சொல்லுது?” என்றார். படிக்கத் தெரியாதவர்தாம் அவர். ஆனால் கேட்கத் தெரிந்தவர்! இன்று கையிலே கைபேசி இருக்கிறது, நொடிக்கொரு செய்தி வருகிறது. எந்த ஏடு சொல்லுது என்று கேட்பவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரங்கிமலையில் ஒரு பொங்கல்

1967-ஆம் ஆண்டு ஜனவரி 12, வியாழக்கிழமை. பொங்கலுக்கு இரண்டே நாள். பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம். அன்று மாலை இராமாவரம் தோட்டத்து வீட்டிலே நடிகர் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். இராதா துப்பாக்கியால் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரையும் முதலில் இராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளர் எம்.ஜி.ஆர், சுடப்பட்ட தோட்டமோ பரங்கிமலைக்குப் பக்கத்திலே! நம் பகுதியினருக்கு அது நாட்டுச் செய்தி அல்ல. அண்டை வீட்டுச் செய்தி.

தொலைக்காட்சி என்பது சென்னைக்கு 1975-இல்தான் வந்தது. தொலைபேசியோ அதிகாரி வீட்டுப் பொருள். வானொலிப் பெட்டி தெருவுக்கு ஒன்று இருந்தால் மிகுதி. ஆகவே அன்று மாலை செய்தி மனிதர் வாய் வழியேதான் வந்தது. வாய்க்கு வாய் மாறித்தான் வந்தது. உயிர் இருக்கிறதா, இல்லையா? எதை நம்புவது? மருத்துவமனை வாயிலுக்கு மக்கள் ஓடினார்கள். பேருந்து கிடைத்தவர் பேருந்திலே, கிடைக்காதவர் கால்நடையாக! பொங்கலுக்கு வாங்கி வைத்த கரும்பை அப்படியே சார்த்திவிட்டுப் போனவர்கள் உண்டு என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம்.

குண்டு கழுத்திலே தைத்திருந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிற்று. கழுத்திலே கட்டுடன் இருந்த அவர் படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் போயிற்று. தொகுதிக்கு வந்து வாக்குக் கேட்காமலே பரங்கிமலையில் வெற்றி பெற்றார். அந்தத் தேர்தலில் ஆட்சியே மாறியது. 1967 மார்ச் 6-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார்.

இரண்டாண்டுக்குள் இன்னொரு செய்தி. 1969 பிப்ரவரி 3; நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையத்தில் அண்ணா மறைந்தார். தெற்கேயிருந்து எழும்பூருக்கு வரும் வண்டி எதுவாயினும் தாம்பரத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். துயரம் சுமந்து வந்த அந்தக் கூட்டத்தை முதலிலே கண்ட ஊர் தாம்பரம். பிப்ரவரி 4-இல் கடற்கரைக்குச் சென்ற ஊர்வலத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அந்தக் கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு தெரு உண்டு, ஒரு மரத்தடி உண்டு, ‘இன்னார் வந்து கதவைத் தட்டிச் சொன்னார்’ என்று ஒரு நினைவு உண்டு. கதவைத் தட்டியவர் பெயரை ஏடுகள் எழுதவில்லை, மக்கள் மறக்கவில்லை.

சொல்லும் விதம்

செய்தி என்பது நெருப்பைப் போன்றது. அடுப்பிலே வைப்பவனும் உண்டு; கூரையிலே வைப்பவனும் உண்டு!

1948 ஜனவரி 30 மாலை காந்தியார் டில்லியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு பிளவுபட்டு ஐந்தரை மாதந்தான் ஆகியிருந்தது. இரத்தக் கறை காயவில்லை. சுட்டவன் முஸ்லிம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அந்த வதந்தி காலூன்றியிருந்தால் நாட்டின் கதி என்ன! சுட்டவன் இந்து என்பதை வானொலி சேர்த்தே அறிவித்தது. ஒரே ஒரு சொல்! அந்தச் சொல் எத்தனை தெருக்களைக் காத்தது, எத்தனை குழந்தைகளைக் காத்தது என்று கணக்கெடுத்தவர் இல்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பக்கத்துப் பக்கத்து வீட்டிலே வாழ்ந்த இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் அன்றிரவு ஒரே துயரத்தைப் பகிர்ந்துகொள்ள முடிந்ததென்றால், செய்தி சொன்னவர் பொறுப்போடு சொன்னதும் அதற்குக் காரணம்.

1984 அக்டோபர் 31-ஐ இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். பிரதமர் இந்திரா காந்தி காலை 9 மணிக்குப் பின் சுடப்பட்டார். அயல்நாட்டு வானொலி பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டது. வங்காளத்திலே சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் மகனே பி.பி.சி. வானொலியைக் கேட்டுத்தான் நிலைமையை அறிந்தார் என்றால் என்ன சொல்வது! நம் நாட்டு வானொலி மாலை வரையிலும் வாய் திறக்கவில்லை. அரசு மௌனமாக இருந்த பொழுதை வதந்தி நிரப்பிக்கொண்டது. அடுத்த சில நாட்களில் டில்லித் தெருக்களிலே குற்றமற்ற சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளுக்கு வதந்தி மட்டும் காரணமல்ல. தூண்டியவர் இருந்தனர், பார்த்துக்கொண்டு நின்ற காவல்துறை இருந்தது. ஆனால் தூண்டியவர் கையிலே கிடைத்த முதல் ஆயுதம் பொய்ச் சொல்தான்.

நமக்கு அருகே வருவோம். 1991 மே 21, செவ்வாய்க்கிழமை இரவு. ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கினார். நம் புறநகர்ச் சாலை வழியே திருப்பெரும்புதூருக்குக் காரிலே போனார். வழியிலே கைகாட்டியவர்கள் வீட்டுக்குத் திரும்பிச் சோறு உண்டு படுப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. இரவு 10 மணிக்குப் பின் மனித வெடிகுண்டு அவரைக் கொன்றது. அவரோடு காவலர்களும் தொண்டர்களும் மாண்டனர். “இப்பத்தானே போனார்!” என்பதுதான் அன்று நம் பகுதியில் பலர் வாயிலிருந்து வந்த முதற்சொல்.

கொன்றவர் யார் என்று எவருக்கும் தெரியாத நேரம் அது. புலன் விசாரணை தொடங்கவே இல்லை. ஆனால் பழி தொடங்கிவிட்டது! மறுநாள் விடியுமுன்னே தமிழகத்தில் கட்சி அலுவலகங்கள் தாக்கப்பட்டன, கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன, கொலையோடு எள்ளளவும் தொடர்பில்லாத தொண்டர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரித்தவன் யார்? அவனும் ஓர் ஏழைதான். எரிந்தது எவன் வீடு? அதுவும் ஏழையின் வீடுதான். அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டால், ‘வீட்டிலே இருந்தேன்’ என்று சிலர் மெல்லச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

முந்திக்கொண்ட பொய்

சொன்னது மெய்யா என்ற கேள்விக்கு மிக அண்மைக்காலப் பாடம் 2016 டிசம்பர் 5. முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். மாலை ஐந்தரை மணி அளவில் அவர் மறைந்துவிட்டார் என்று தொலைக்காட்சிகள் சில அறிவித்துவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்திலே கொடி இறக்கப்பட்டது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏற்றப்பட்டது. கடைகள் மூடப்பட்டன. கிண்டியிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் வேலை முடிந்தவர்கள் பேருந்துக்கும் வண்டிக்கும் முண்டியடித்தார்கள். அவர் இறந்தது அன்றிரவு 11.30 மணி என்று நள்ளிரவுக்குப் பின்னர் முறைப்படி அறிவிப்பு வந்தது.

ஆகவே ஒரே மரணத்துக்கு மக்கள் இரண்டு முறை அழுதார்கள்! இன்று அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். ‘தாம்பரம் மேம்பாலத்தில் நெரிசலில் நின்றபோது கேட்டேன்’ என்பார் ஒருவர். அவர் கேட்டது பொய்ச் செய்தியை. ‘தூக்கத்திலே எழுப்பிச் சொன்னார்கள்’ என்பார் இன்னொருவர். அவர் கேட்டது மெய்ச் செய்தியை. இருவரும் தாம் கேட்டதுதான் செய்தி என்று சத்தியம் செய்வார்கள். பொய்யும் மெய்யும் நினைவிலே ஒரே இருக்கையில் உட்கார்ந்துவிடுகின்றன.

நினைவு ஒரு நல்ல சாட்சி. ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட சாட்சி. மேனாட்டு மனநூல் அறிஞர் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28-இல் ‘சேலஞ்சர்’ விண்கலம் வானிலேயே வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர் கல்லூரி மாணவர்களை அழைத்தார். செய்தி வந்தபோது எங்கே இருந்தாய், யார் சொன்னார், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எழுதித் தரச் சொன்னார். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்டார். 44 பேரில் 11 பேர் சொன்னது முழுக்க முழுக்க வேறு! இடமும் வேறு, ஆளும் வேறு, வேலையும் வேறு. அவர்கள் எழுதிக் கொடுத்த தாளையே எடுத்து நீட்டினால், ‘கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது இப்போது நான் சொல்வதுதான்’ என்று சாதித்தவர்களும் உண்டு.

இதனால் நினைவைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்றைக்கே எழுதி வை என்கிறோம். மாத நாட்காட்டியின் பின்புறத்திலே இரண்டு வரி எழுதினாலும் போதும். நாற்பது ஆண்டு கழித்துப் பேரன் கேட்கும்போது, தாத்தாவின் கதையும் தாத்தாவின் தாளும் ஒத்துப் போகும்.

வராத செய்தி

மூன்று கேள்விகள் என்றோம். நம் பகுதி நான்காவது கேள்வி ஒன்றையும் கேட்டாக வேண்டிய பகுதி. அதுதான் எல்லாவற்றிலும் கசப்பான கேள்வி: ஏன் சொல்லவில்லை?

1984 ஆகஸ்டு 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டிகளில் இருந்த குண்டு. 30 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். வெடிப்பதற்கு முன்பே தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. வந்த எச்சரிக்கை வேலை செய்யவில்லை. ஓசையைக் கேட்டு விழித்தவர்கள் பிறகு ‘எங்கே இருந்தோம்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பெட்டிக்கு அருகே நின்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியிலே பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை மணி 6.29. பேரலை சென்னைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம் வரைக்கும் ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் மிதிவண்டியிலே போய்ச் சொல்லியிருந்தாலும் சொல்லி முடித்திருக்கலாம். வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் தாள், பதவியில் இருந்த அமைச்சருக்குப் போகாமல், முன்னாள் அமைச்சர் ஒருவர் வீட்டுக்குப் போயிற்று! காலையிலே வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்குச் செய்தி தொலைநகலில் வரவில்லை, கடலாகவே வந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

அதன் பிறகுதான் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. அமைத்தது நன்று, பாராட்டுகிறோம். ஆனால் மாண்டவர்கள் கேட்கிறார்கள்: எங்கள் பிணத்தின் மேல்தானா அந்தக் கட்டடம் எழ வேண்டும்?

சரி, பாடம் படித்தோமா? 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்திலே பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றிலே பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கத்து நீரும் வந்து சேர்ந்தது. அன்றிரவு அந்த ஏரியிலிருந்து திறக்கப்பட்டது வினாடிக்கு 29,000 கன அடி. மணப்பாக்கமும் நந்தம்பாக்கமும் சைதாப்பேட்டையும் நள்ளிரவிலே விழித்தபோது தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. எவ்வளவு நீர், எப்போது, எந்தத் தெருவுக்கு என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஏரி நீரைத் திறந்த முறையைத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே குறை கூறிற்று. அந்த அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அன்றைய நிலையைக் கேளுங்கள். மின்சாரம் இல்லை. கைபேசி செத்துவிட்டது. மின்சார வண்டி ஓடவில்லை. மீனம்பாக்கத்து ஓடுபாதை ஏரியாகிவிட்டது. விமான நிலையமே மூடிக்கிடந்தது. 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளேட்டின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2-ஆம் நாள் அச்சாகவே இல்லை. மறைமலை நகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர் போய்ச் சேர முடியவில்லை! ஆங்கிலேயன் ஆட்சியிலும், இரண்டு உலகப் போர்களிலும் வெளிவந்த ஏடு அது. அச்சுத் தொழிலாளி வராவிட்டால் உலகச் செய்தி அத்தனையும் ஈயமாகவும் காகிதமாகவுமே கிடக்கும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிற்று.

அப்போது செய்தி எப்படிப் போயிற்று? பழைய வழியிலேதான் போயிற்று. மாடியிலிருந்து மாடிக்குக் கூவினார்கள். இடுப்பளவு நீரிலே இளைஞர்கள் கயிறு கட்டிக்கொண்டு போய், ‘நாலாவது தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார்’ என்று சொன்னார்கள். கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் லாரியிலே படகை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பதினொரு ஆண்டுக்கு முன்னே எவர் வீட்டுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லையோ, அவர்கள் வந்தார்கள்! சொல்லாமல் விட்ட ஊரைத் தேடிவந்து காப்பாற்றினார்கள். இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது?

2023-இல் கைபேசிகளிலே எச்சரிக்கை ஒலி எழுப்பிச் சோதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர் பக்கமும் பள்ளிக்கரணைப் பக்கமும் மறுபடி நீரிலே நின்றன. ஒலி எழுப்பினால் மட்டும் போதுமா? எந்தத் தெரு, எந்த நேரம், எங்கே போவது என்பதை மக்களுக்கு விளங்கும் தமிழிலே சொல்ல வேண்டாமா?

நாம் மறந்த நாட்கள்

இன்னும் ஒன்று கேட்போம். தலைவர் மறைந்த நாளை நினைவிலே வைத்திருக்கிறோம், வைத்திருக்க வேண்டியதுதான். 2014 ஜூன் 28 மாலை எங்கே இருந்தோம்?

யோசிக்கிறீர்கள். அன்று மாலை மழையிலே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். மாண்டவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டிலே அந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது? யார் சொன்னார்? எந்த மொழியிலே சொன்னார்?

2018 ஜூலை 24 காலை? பரங்கிமலை நிலையத்தில், வழக்கமாகப் போகும் தடத்தை விட்டு வேறு தடத்திலே வந்த கூட்ட வண்டி. படியிலே தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் நடைமேடை ஓரத்துச் சுவரிலே அடிபட்டு விழுந்தார்கள்; உயிர்கள் போயின. நாம் நாள்தோறும் தொங்கும் அதே படி! நாம் நாள்தோறும் கடக்கும் அதே நிலையம்! ஆனால் அந்த நாளைப் பற்றி வண்டியிலே பேச்செழக் காணோம். பெரியவர் மறைந்தால் அது நாட்டுச் செய்தி. உழைப்பவன் மாண்டால் அது மூன்றாம் பக்கத்துத் துணுக்கு. ஏட்டுக்காரன் அப்படி அச்சிட்டான் என்று குறை சொல்கிறோம். நம் நினைவும் அப்படித்தானே அச்சிட்டிருக்கிறது?

செய்ய வேண்டியது

தோழர்களே! படிப்பகம் இன்றும் உண்டு. சங்க அலுவலகம் உண்டு. அங்கே கணக்கு நோட்டு உண்டு. பக்கத்திலே இன்னொரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்க விடுங்கள். பெருஞ்செய்தி வரும் நாளிலே வந்தவர் ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதட்டும்: எங்கே இருந்தேன், யார் சொன்னார், எத்தனை மணிக்கு, பிறகு தெரிந்த உண்மை என்ன. எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். 1967-ஐயும் 1969-ஐயும் கண்ணாலே கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள். காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

வதந்தி வந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். கையிலே வந்ததை அடுத்தவர் கைபேசிக்குத் தள்ளுமுன், அந்நாளைய படிப்பகத்துப் பெரியவரைப் போல, ‘எந்த ஏடு சொல்லுது?’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அந்த அரை மணியிலே ஒரு தெரு பிழைக்கும். நம் கையும் கறைபடாமல் இருக்கும்.

மழைக்காலம் வருமுன் நகராட்சியிடமும் மாநகராட்சியிடமும் கேளுங்கள்: ஏரி நிரம்பினால் எங்கள் தெருவுக்கு வந்து சொல்லப்போகிறவர் யார்? அவர் பெயர் என்ன? எத்தனை மணி நேரம் முன்னே சொல்வார்? இதற்கு விடை கிடைக்கும்வரை மனு கொடுங்கள்; கிடைக்காவிட்டால் கூட்டம் போடுங்கள். தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, எச்சரிக்கைக் குரலும் பெரிதாக வேண்டும்.

அடுத்த செய்தி எது என்று நமக்குத் தெரியாது. அது வரும்போது ஆலையிலே இருப்போமோ, வண்டிப் படியிலே இருப்போமோ, வீட்டிலே தூங்கிக்கொண்டிருப்போமோ, தெரியாது. எங்கே இருந்தாலும், அக்கம்பக்கத்தானுக்கு உண்மையைக் கொண்டுபோய்ச் சொன்னவன் என்று நம்மைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லட்டும். அந்தப் பெயர் எடுக்கக் காசு வேண்டாம், பதவி வேண்டாம். கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் துணிவும் போதும்.